உத்தேசமாக ஒரு தொகை

“உத்தேசமாச் சொல்லவா, கறாராச் சொல்லவா?” என்று பெயிண்டர் கிளமென்ட் கேட்டபோது, செவ்வந்தி கொஞ்சமும் யோசிக்காமல் உத்தேசமாகவே சொல்லுங்கள் என்றுவிட்டாள். அதற்காக அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. இந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கறார் என்றால் அந்த மனுஷன் டேப்பைப் பிடித்துச் சுவர் சுவராக அளந்து, ஒரு தொகையைச் சொல்லி, அதில் பத்து பைசா குறையாது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார். உத்தேசம் என்றால் இழுக்கலாம், குறைக்கலாம், கோபித்துக்கொள்ளலாம், காப்பி கொடுத்து மறுபடி உட்கார வைக்கலாம். பேரம் பேச இடமில்லாத தொகை ஒரு தொகையா?

கிளமென்ட் குத்தாலத்துக்காரர். ஐம்பதை நெருங்குகிறவர். சட்டைக்கு வெளியே வேளாங்கண்ணி மாதா டாலர் தொங்கும். உள்ளே வந்து பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அண்ணாந்து தளத்தைப் பார்த்து, ஜெபமாலை சொல்கிறவர்போல உதடு மட்டும் அசைய முணுமுணுத்தார். தரையில் எட்டுச் சதுரம், அதாவது எண்ணூறு அடி வீடுதான். ஆனால் பெயிண்ட் தரைக்கு அடிப்பதில்லையே. உள்சுவர், வெளிச்சுவர், தளத்தின் அடிப்பக்கம் எல்லாம் சேர்த்தால் அதே வீடு ஐந்து மடங்காகப் பெருத்துப் போகிறது. இது பூச்சு முடியும்வரை வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாது.

“கதவு ஜன்னலக் கழிச்சுட்டுத்தானே அண்ணே சொல்றீங்க?”

“கழிக்கிறதில்ல தங்கச்சி. வெறுஞ்சுவருன்னா ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போயிடலாம். கதவு ஓரத்துல சின்ன பிரஷ்ஷ வச்சுக்கிட்டுக் குந்திக் கெடக்கணும். அதுக்கு இது சரியாப் போச்சு.”

முப்பத்தோராயிரம் என்றார். செவ்வந்தி இந்த விலைக்கு இன்னொரு வீடே கட்டிவிடலாம் என்றாள். அவர் சிரித்தார். அவள் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மாவு பூசிச் சுவரை வழவழப்பாக்குகிற பட்டி எல்லாம் வேண்டாம், வெறும் சுண்ணாம்பு போதுமே என்று இழுத்துப் பார்த்தாள். அவர் சுவரைக் காட்டி, இது மாட்டுக் கொட்டகையா வீடா என்று கேட்டார். கடைசியில் இருபத்தெட்டில் வந்து நின்றது. மூவாயிரம் குறைத்துவிட்ட திருப்தியில் அவள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அந்த வீட்டின் கதையே உத்தேசக் கதைதான். புருஷன் ரெத்தினம் தொண்ணூற்றிரண்டில் சிங்கப்பூருக்குப் போனான். அவள் தாலிச் சங்கிலி உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டித்தான் போனான். கடனை அடைக்க உத்தேசமாக ஒரு வருஷம் என்றான், இரண்டரை ஆயிற்று. மிராசு வீட்டார் மெட்ராசோடு போய்விட்டபோது விற்ற கொல்லையில் ஒரு துண்டு வாங்கினார்கள். இவர்களுடைய அப்பனும் ஆத்தாளும் யாருடைய வயலில் நாற்று நட்டார்களோ அவர்களுடைய கொல்லை. அதில் அஸ்திவாரம் போட மேஸ்திரி சொன்னது ஒன்று, போட்டு முடித்தபோது ஆனது ஒன்று. தண்ணீர் ஊறுகிற மண், இன்னும் இரண்டடி தோண்டாமல் முடியாது என்றார்கள். செங்கல் சூளையில் மழை பெய்தது, விலை ஏறியது. மணல் லாரிக்காரனுக்கு டீக்காசு, பஞ்சாயத்தில் கையெழுத்துக்கு ஒரு காசு, சாரம் கட்டக் கயிறு, நனைக்க வாளி. இதையெல்லாம் எந்த எஸ்டிமேட்டில் எவன் எழுதுகிறான்?

அதனால் செவ்வந்தி ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தாள். மேஸ்திரி ஒரு தொகை சொன்னால் அதில் கொஞ்சம் கூட்டிப் புருஷனுக்குச் சொல்வாள். அவன் அதில் வெட்டுவான். வெட்டியது போக வருவது ஏறக்குறைய சரியாக இருக்கும். இதில் கள்ளத்தனம் எதுவும் கிடையாது. அவள் கையில் ஒரு ரூபாய் நின்றதில்லை. உண்மையைச் சொன்னால் உண்மையிலிருந்தே வெட்டுகிற மனுஷனிடம் வேறு என்னதான் செய்வது?

ஆறு வருஷத்தில் இரண்டு தடவை வந்திருந்தான், தடவைக்கு ஒரு மாசம். அதில் பாதி நாள் சொந்தக்காரர்களைப் பார்ப்பதிலேயே போனது. செவ்வந்திக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. ரெத்தினத்தின் அக்கா அகிலாண்டம் அடுத்த தெருவில்தான் இருந்தாள். நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இராது. “ஊட்ட மட்டும் கட்டிக்கிட்டே இரு. உள்ள தவழ யாரு இருக்கா?” என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்பாள். தன் தம்பி கடல் கடந்து போனதற்கும் செவ்வந்திதான் பொறுப்பு என்பதுபோல் இருக்கும்.  செவ்வந்தி கேட்பது மட்டும் என்ன, அவன் வந்து கூட இருக்க வேண்டும் என்பதைத் தவிர?

வீடு முடிந்தால் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. அங்கே கற்றுக்கொண்டதை வைத்து மயிலாடுதுறை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை போட்டுக்கொண்டு ஊரோடு இருப்பதாகச் சொல்லியிருந்தான். வீட்டில் இனி பாக்கி இருந்தது பெயிண்ட் மட்டும்தான். ஆடியில் அவனுடைய வேலை பர்மிட்டும் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்ராஹிம் பாய் கடைக்கு அவன் போன் வரும். பாய் கடைத்தெருவில் டெலிபோன் பூத்தும் பேன்சி ஸ்டோரும் சேர்த்து வைத்திருந்தார். கண்ணாடிக் கூண்டு உண்டு, ஆனால் கதவு சாத்தினால் புழுக்கம் தாங்காது. திறந்து வைத்துப் பேசினால் கடையில் வளையல் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பாய் மரியாதைக்கு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

“பெயிண்டுக்கு எவ்வளவாம்? சரியாக் கேட்டியா?” என்று ரெத்தினம் ஆரம்பித்தான்.

“முப்பத்தஞ்சு சொல்றாருங்க.”

“என்னாது?” என்றவன் அந்தக் கோடியில் சிரித்தான். ரெத்தினம் அங்கே கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவன். “ஒரு கப்பலையே நாங்க நாலு நாள்ல முடிச்சிடுறோம் செவ்வந்தி. நம்ம ஊடு என்ன கப்பல விடப் பெருசா?”

“கப்பல்ல பட்டி பாக்குறாங்களா? மிஷின வச்சுப் பீச்சி அடிச்சுட்டு வர்றீங்க. இங்க வந்து அடிச்சுப் பாருங்க, தெரியும்.”

வழக்கமாக இந்த இடத்தில் அவன் வெட்ட ஆரம்பிப்பான். அதெல்லாம் கிடையாது, இருபத்தைந்துக்கு முடி என்பான். அவளும் அழுது அழுது இருபத்தெட்டில் கொண்டுவந்து நிறுத்துவாள். அன்றைக்கு அவன் வெட்டவில்லை.  வேறு ஏதோ குரலில் சொன்னான்.

“ஆடி வரைக்கும் வேலை பாத்தாலும் என் கைல இருபதுதான் நிக்கும். இருபதுக்குள்ள முடியும்னா கம்பெனில சொல்லிட்டு ஊருக்கே வந்துடலாம்னு பாத்தேன். சரி, பார்ப்போம்.”

போன் வைத்துவிட்டான். செவ்வந்தி ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். சண்டாளன், இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இருபது என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவள் வேறு மாதிரி பேசியிருக்க மாட்டாளா? அந்த ஏழாயிரத்தை எதற்குக் கூட்டினாள்? பழக்க தோஷத்தில் கூட்டினாள். ஆறு வருஷம் வெட்டி வெட்டிப் பழக்கியவன் அவன்தான்.

மறுபடி போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். சிங்கப்பூருக்குப் பேசினால் மீட்டர் என்ன ஓட்டம் ஓடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இது கூட்டிச் சொன்னது என்றால், அஸ்திவாரத்துக்குச் சொன்னது? நிலைக்கதவுக்குச் சொன்னது? ஒரு வார்த்தையில் ஆறு வருஷமும் பொய்யாகிவிடும். வெயிலில் கப்பலுக்கு அடியில் கிடந்து சம்பாதிக்கிறவன், இவள் ஊரில் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிக் கேட்டாள் என்று நினைத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது? தொகையைக் குறைத்துக் காட்டிவிட்டால் போதும், ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டாள்.

அன்றைக்கே கிளமென்ட் வீட்டுக்குப் போனாள். அவர் பின்பக்கம் உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இப்ப கறாராச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த வார்த்தையை ஒரு வீட்டுக்காரர் வாயிலிருந்து அவர் கேட்டு வருஷக்கணக்காகிறது போலும். மறுநாள் டேப்போடு வந்து அளந்தார். கணக்குப் போட்டு இருபத்து மூன்று என்றார்.

செவ்வந்திக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “அப்ப இருபத்தெட்டுன்னு எப்படிண்ணே சொன்னீங்க?”

“நீ பாதிக்குக் கேப்பேன்னு நெனச்சேன் தங்கச்சி. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. நீ மூவாயிரம் கொறச்சதோட எந்திரிச்சுட்ட. நான் என்ன பண்றது, கூப்புட்டு வச்சு இன்னும் கொறைன்னு சொல்லவா?”

அவரைத் திட்டி என்ன பண்ண? அவரிடம் இருந்த நல்ல ஆட்கள் இரண்டு பேரும் கத்தாருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். கூலிக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. இருபத்து மூன்றில் இன்னும் மூவாயிரம் குறைக்க வேண்டுமானால் கூலியில்தான் குறைக்க வேண்டும். எந்தெந்த வேலைக்கு ஆள் போடுவீர்கள் என்று கேட்டாள். சொன்னார். உள்சுவருக்குப் பட்டி வைப்பது, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது இத்தனையும் நானே செய்கிறேன், உயரமும் வெளிப்புறமும் மட்டும் நீங்கள் பாருங்கள் என்றாள். அவர் கேலியாகப் பார்த்தார். நடவு மாதிரி இல்லை தங்கச்சி, தோள்பட்டை கழன்றுவிடும் என்றார். நடவு நட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் பட்டி குழைக்கும் பதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பங்குனி முழுக்க அவளுக்கு அதே வேலைதான். விடிகாலையில் பனி ஈரம் காய்வதற்குள் உளுந்து பிடுங்கப் போக வேண்டும், வெயில் ஏறினால் நெற்று வெடித்துக் கொட்டிவிடும். பிடுங்கிவிட்டு வந்து, பழைய சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு, மாங்காய்ப் பிஞ்சைக் கடித்தபடி பட்டித் தகட்டை எடுப்பாள். ஈரமாக வைக்கும்போது சுகமாகத்தான் இருக்கும், தயிரை வழிப்பதுபோல. காய்ந்தபிறகு தேய்ப்பதுதான் நரகம். வெள்ளைத் தூசி கண்ணிலும் மூக்கிலும் தலைமயிரிலும் அப்பிக்கொள்ளும். துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டால் மூச்சு முட்டும், கட்டாவிட்டால் இருமல் வரும். சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, அடிபம்பில் குளித்தாலும் தலை சாம்பல் நிறமாகவே இருக்கும். கை விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது என்று தோன்றும்.

ஒருநாள் அகிலாண்டம் வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் கருவாட்டுக் குழம்பு ஏனம் இருந்தது.

“ஏன் புள்ள, கூலிக்கு ஆளு போட வக்கில்லாத ஊடா இது? ஊரு சிரிக்குது.”

“இருபதுக்குள்ள முடிஞ்சா உங்க தம்பி ஆடியில வந்துடுவாரு அண்ணி. பர்மிட்ட நீட்ட மாட்டாரு.”

அகிலாண்டம் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். குழம்பை இறக்கி வைத்தாள். முந்தானையை வரிந்து செருகிக்கொண்டு ஒரு உப்புத்தாளை எடுத்தாள். அதற்கப்புறம் தினமும் வந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. தேய்த்தபடியே செங்கல் சூளைக்காரன், மேஸ்திரி, சிங்கப்பூர், கிளமென்ட் எல்லோரையும் திட்டித் தீர்த்தாள். துணைக்கு ஆள் இருந்ததில் செவ்வந்திக்கு அந்தத் திட்டே இதமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் போனில், குறைத்துக்கொண்டு வருகிறேன், இருபதுக்குள் கொண்டுவந்துவிடுவேன், அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவன், சரி சரி, பார்ப்போம் என்பான். அந்த ‘சரி சரி’யில் துளி நம்பிக்கையும் இருக்காது. இருக்கவும் முடியாதே. அந்த வீட்டில் எஸ்டிமேட் ஏறித்தான் பார்த்திருக்கிறானே தவிர, ஒரு தடவையாவது இறங்கியதாக அவனுக்குச் சரித்திரம் கிடையாது.

சித்திரை பிறந்ததும் ஒரு கோடை மழை கொட்டியது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, தெற்குச் சுவரில் வைத்த பட்டி முழுக்கச் சேறாக வழிந்து போயிற்று. செவ்வந்தி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மறுநாள் சுரண்டி எடுத்து, காயவிட்டு, முதலிலிருந்து வைத்தாள். கிளமென்ட் வந்து பார்த்துவிட்டு, பட்டி மாவுக்குக் காசு கேட்கவில்லை. தன் கணக்கில் போட்டுக்கொண்டார். வெளிப்புறத்துக்கு அவரே சாரத்தில் ஏறி அடித்தார். ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒவ்வொரு கழியாகப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினார்.

சித்திரைக் கடைசியில் வேலை முடிந்தது. உள்ளே லேசான ரோஸ், வெளியே இளம்பச்சை, ஜன்னல் கம்பிக்குக் கறுப்பு. கொடுத்ததையும் கொடுக்க வேண்டியதையும் கூட்டிப் பார்த்தாள். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்தான் ஆகியிருந்தது. மறுபடி கூட்டினாள், அதேதான் வந்தது. அகிலாண்டத்தைப் போய்க் கட்டிக்கொண்டாள். அகிலாண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடு புள்ள, சேலையெல்லாம் பெயிண்டு என்றாள்.

அந்த ஞாயிறு பாய் கடையில் போன் மணி அடித்ததும் அவளே எடுத்தாள். அவன் ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

“ஏங்க, முடிஞ்சுபோச்சு. பத்தொன்பதுல முடிச்சுட்டேன். எல்லாம் சேத்து. நீங்க வந்துடலாம்.”

 லைன் போய்விட்டதோ என்று அவள் ஹலோ ஹலோ என்றாள்.

“கேக்குது,” என்றான். “எப்படி முடிச்ச?”

சொன்னாள். பட்டி வைத்ததை, தேய்த்ததை, அக்கா வந்ததை, மழை வந்ததை, எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். அவன் ஊம் கொட்டக்கூட இல்லை. அவளுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது.

“என்னங்க, பேச மாட்டேங்கறீங்க?”

“எழுதிக் குடுத்துட்டேன் செவ்வந்தி.”

“என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“பர்மிட்டுக்கு. நீ முப்பத்தஞ்சுன்னு சொன்ன மறுவாரமே ஆபீஸ்ல கூப்புட்டுக் கேட்டான். நீட்டுறவன் இப்பவே கையெழுத்துப் போடு, இல்லேன்னா வேற ஆளு நிக்கிறான்னான். எங்கிட்ட இருபதுதான் தேறும். மிச்சத்துக்கு இன்னும் ஆறு மாசம் பாத்தா போதும். ஆனா ஆறு மாசம்னு துண்டு போட்டுக் குடுக்க மாட்டான். குடுத்தா ரெண்டு வருஷம்.”

“நான்தான் வாராவாரம் சொல்லிக்கிட்டே இருந்தனே, கொறைக்கிறேன்னு?”

“சொன்ன. நம்ம ஊட்டுல எப்ப கொறைஞ்சிருக்கு? நீ முப்பத்தஞ்சு சொன்னா அம்பதுல வந்து நிக்கும்னு அம்பதாவே வச்சுக்கிட்டேன். கையெழுத்துப் போட்டதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் தள்ளிக்கிட்டே வந்தேன்.”

வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் ரேடியோ பக்கம் கையை நீட்டினார். செவ்வந்தி கூண்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். புழுக்கம் முகத்தில் அடித்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“முப்பத்தஞ்சே நான் கூட்டிச் சொன்னதுங்க,” என்றாள். “பெயிண்டரு சொன்னது இருபத்தெட்டு. அதுவும் அவரு கூட்டிச் சொன்னது.”

அவன் மூச்சு விடுவது கேட்டது.

“ஏண்டி கூட்டுன?”

“நீங்க வெட்டுவீங்கன்னு.”

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாட்டேன் என்று இப்போது சொன்னால் பிடித்து வைத்த சம்பளமும் போகும், கம்பெனிக்காரன் டிக்கெட்டும் தரமாட்டான் என்று மெதுவாகச் சொன்னான். சரி என்றாள். ரெண்டு வருஷம் ஓடிப்போகும் என்றான். அதற்கும் சரி என்றாள். 

“வெளிய என்ன கலரு அடிச்சிருக்க?” என்று கேட்டான்.

 அவளுக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் ஏதோ ஒன்று ஏறி வந்தது.

“என்ன கலரா இருந்தா என்னங்க? நீங்க வர்றதுக்குள்ள ரெண்டு ஐப்பசி மழை அடிச்சு அது பாசி புடிச்சுக் கறுத்துப் போயிடும். மறுபடி மொதல்லேருந்து அடிக்கணும். அதையும் சேத்துத்தான் அம்பதுன்னு போட்டீங்களா?”

சொன்ன பிறகு, இப்படிக் குத்தலாகக் கேட்டிருக்க வேண்டாமே என்று இருந்தது.  அவன் சொன்னான்.

“ஆமா. அதுக்கும் உத்தேசமா கொஞ்சம் போட்டிருக்கேன்.”